ஐந்தாவது எலுமிச்சம்பழம்

கிட்வாய் நகர்க் கூட்டாளிகளே, போன வாரம் நம் காலனிக் குழுவில் யாரோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டீர்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்து ஒரு இரண்டு கதவுக் கார் கிளம்புகிறது. பானெட்டில் சாமந்தி மாலை. ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறுமியின் இரண்டு கைகளும் நீண்டு ஆடுகின்றன. அதற்குக் கீழே ஒருத்தர் ‘அங்கிளின் ராக்கெட்’ என்று எழுதினார். இன்னொருத்தர் ‘பாவம், அன்றைக்குத்தானே பிரேக் போச்சு’ என்றார். நான்கு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அதோடு பேச்சு கேஸ் சிலிண்டருக்குப் போய்விட்டது.

நான் பதில் போடவில்லை. அந்தக் கைகள் என்னுடையவை. அன்றைக்குப் பிரேக் போகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஒரு வரியை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தபோது கேட்க வேண்டிய ஆள் கேட்கிற நிலையில் இல்லை. அதனால் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். மோதி பாக் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தும் உங்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். வீட்டில் யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசிவரை கேளுங்கள். கடைசியில் உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

அந்தக் காரைப் பற்றி நீங்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். என் அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். சைக்கிளில் போய் சைக்கிளில் வருகிறவர். சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் பின்கட்டில் அந்த வண்டி கிடந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு இளம் அதிகாரி தன் நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. டெல்லி வெயிலில் தாறுமாறாக ஓட்டி இஞ்சினை இறுக வைத்துவிட்டு, மாற்றலாகிப் போய்விட்டார். இடம் காலியானால் போதும் என்று தூதரகத்தார் இருந்த நேரத்தில் அப்பா போய் நின்றார். அரசு ஊழியர் கார் வாங்கினால் இலாகாவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அப்பாவும் முறைப்படி எழுதினார். ‘கார்’ என்பதற்கு முன்னால் ‘ஓடாத’ என்று ஒரு வார்த்தையைத் தானாகச் சேர்த்துக்கொண்டார். ஆபீசில் அதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்களாம்.

படத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, உண்மையில் அது கரும்பச்சை. ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். ஸ்டீயரிங் இடப்பக்கம். பின் சீட்டில் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் உட்கார முடியும். மீட்டரில் இருநூறு கிலோமீட்டர் வரை எண் போட்டிருந்தது. அதுவரை நம் காலனியின் வேகமான பொருள் பால் பூத்காரரின் ஸ்கூட்டர்தான்.

இரண்டு வருஷம் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அது தின்றது. வேப்பமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பனியனோடு உள்ளே தலையை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பார். கேஸ்கெட் கிடைக்காது. கெட்டி அட்டை வாங்கி அம்மாவின் கத்தரிக்கோலால் தானே வெட்டுவார். ரேடியேட்டர் ஒழுகினால் சமையலறையில் இருந்து மஞ்சள்பொடி எடுத்துத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார், ஓட்டை அடைந்துவிடும். அன்றைக்குக் குழம்புக்கு மஞ்சள் இருக்காது. அந்த நாட்டுக் கம்பெனிக்கு அழகான இங்கிலீஷில் கடிதம் எழுதி, ஆறு மாதம் கழித்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தபோது, அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரித்தார். உள்ளே இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன.

மூன்று கார்புரேட்டரையும் ஒன்றுபோல வேலை செய்ய வைப்பதுதான் பெரும்பாடு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சை ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி வைத்திருந்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடிப்பார். காற்று உள்ளே போகிற சீறல் மூன்றிலும் ஒரே அளவாகக் கேட்க வேண்டும். ஸ்குரூவைக் கால் சுற்று திருப்புவார், மறுபடி கேட்பார். நடுவில் யாராவது பேசினால் முறைப்பார். என்னையோ அம்மாவையோ அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அம்மா அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு சிலிண்டரும் முதன்முதலாகச் சேர்ந்து உறுமிய அன்றைக்கு அப்பா அழுதார். பெட்ரோல் புகை கண்ணில் பட்டது என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

எனக்குப் பதினொரு வயது. மழை முடிகிற சமயத்தில் அம்மாவின் கடைசித் தம்பி திருநெல்வேலியில் இருந்து வந்து எங்களோடு தங்கினார். மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. விமானப்படைக்கு எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் தேறிவிட்டார். உடல் தகுதிப் பரிசோதனை மட்டும் பாக்கி. அதை டெல்லியில் வைத்திருந்தார்கள். காலையில் எழுந்து நம் காலனியை நாலு சுற்று ஓடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் பின்னாலேயே ஓடிப் பாதியில் உட்கார்ந்துவிடுவீர்கள். அம்மா அவருக்குத் தினமும் இரண்டு முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். அது வரையில் எங்கள் வீட்டில் முட்டை வந்தால் ஜன்னலை மூடுவோம். தம்பிக்காக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டாள்.

வண்டியில் கடைசியாக மிச்சமிருந்தது பிரேக். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் இற்றுப்போயிருந்தது. கம்பெனி அனுப்பிய வளையங்கள் வேறு எதற்கோ. அப்பா காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஏதோ ஒரு லாரிக்கு உண்டான வாஷரை வாங்கி வந்து, ஷேவிங் பிளேடால் பக்குவமாகச் சீவிப் பொருத்தினார். பிரேக் ஆயிலும் லோக்கல்தான். இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா அதற்குப் பிறகு இன்றுவரை இந்த இரண்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆயுதபூஜை வந்தது. உங்கள் வீடுகளிலும் நடந்ததுதான். நம் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பார்களே, நமக்கு அதைவிடப் பெரிய பண்டிகை உண்டா? எங்கள் வீட்டில் அந்த வருஷம் என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் ஸ்பேனர்கள் முழுவதும் வரிசையாகப் படுத்திருந்தன. அந்தப் பச்சைக் குழாய்க்குக்கூட அம்மா பொட்டு வைத்தாள்.

சாயங்காலம் அப்பா காரில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஒரு தடவ பிரேக்கைக் கழத்திப் பாத்துருதேன். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

“பூஜையில வச்சாச்சு. இனிமே காலையிலதான்” என்றாள் அம்மா.

“ஒரே ஒரு ஸ்பேனர்.”

“ஒண்ணுன்னாலும் ஆயுதம்தான். வருஷத்துல ஒரு நாளு அந்தச் சவத்தைத் தொடாம இருந்தா ஒண்ணும் ஆயிராது.”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு சுண்டல் சாப்பிட உட்கார்ந்தார்.

விஜயதசமி காலையில் நீங்கள் எல்லாரும் வந்துவிட்டீர்கள். டெல்லியில் அந்த மாதத்தில் ஏழிலைப்பாலை பூத்துத் தெருவெல்லாம் தலைவலிக்கிற வாசனை அடிக்குமே, அந்த வாசனை. அம்மா காருக்குச் சூடம் காட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். ஐந்தாவது பழத்தில் குங்குமத்தைத் தடவி என் கையில் கொடுத்தாள்.

“ஏட்டி, இது வண்டிக்குள்ளது. கோயில்ல முருகன் காலடியில வச்சு வாங்கிட்டு வரணும். கையிலயே வச்சுக்கோ. கீழ மட்டும் விட்டுராத, கேட்டியா?”

“சரிம்மா.”

முருகன் கோயில் வரை போய்த் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம். அம்மாவுக்குச் சமையல் இருந்தது. வலப்பக்கம் மாமா, பின்னால் நான். மூன்று நாளில் மாமாவுக்குப் பரிசோதனை, அதற்கும் சேர்த்துத்தான் இந்த வேண்டுதல். அப்பா சாவியைத் திருப்பினார். நான்கு பழங்களும் நசுங்கின. நீங்கள் கத்தினீர்கள். எதிர் வரிசை ஸ்டெனோகிராபர் காமிராவோடு ஓடி வந்தார்.

உங்களுக்குக் கை காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பின் ஜன்னல் திறக்காது. முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டி, மாமாவுக்கு முன்னால் வளைந்து, அவர் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். ஒரு கையால் காட்டியிருக்கலாம். எனக்கு இரண்டு கையாலும் காட்ட வேண்டியிருந்தது. எத்தனை நாள் உங்கள் வாயால் ‘உங்கப்பா காரு ஓடவே ஓடாது’ என்று கேட்டிருக்கிறேன்! கியர் கம்பிக்கு முன்னால் சிகரெட் பெட்டி வைக்கிற அளவுக்கு ஒரு குழி உண்டு. பழத்தை அதில் வைத்தேன். இரண்டு கைகளையும் வெளியே நீட்டினேன்.

அந்தப் படம்தான் நீங்கள் போட்டது.

அப்பா வேகமாக ஓட்டினார் என்று பிறகு ஊரே சொன்னது. ரேஸ் கார், அதில் ஒரு குமாஸ்தா, வேறென்ன நடக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். நான் சாட்சி. அவர் வேகமாக ஓட்டவில்லை. சைக்கிள் ஓட்டுகிறவரின் நிதானம்தான் அவருடையது. மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. வண்டிதான் வாங்கடா என்று இழுத்தது. மாமா சிரித்துக்கொண்டே இருந்தார்.

“அத்தான், ஏரோபிளேனே தோத்துரும் போலுக்கே!”

“நீ போயி அதை ஓட்டு மாப்ளே. எனக்கு இது போதும்.”

முதல் ரவுண்டானா வந்தது. வண்டி வலப்பக்கமாக வளைந்து சுற்றியது. நான் இடப்பக்கம் சாய்ந்தேன். சாலை நேரானதும் குழியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அப்போதே ‘அப்பா, நிறுத்துங்க’ என்று சொல்லியிருக்கலாம். பழம் தன் காலடிப் பக்கம்தான் உருண்டிருக்கும் என்று அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். ஒரு நிமிஷம், அதைவிடக் கூடவே, எனக்கு நேரம் இருந்தது. எனக்கு அம்மாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கீழே விட்டுராதே என்றாளே! சத்தம் காட்டாமல் தேடி எடுத்துவிடலாம் என்று குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பாருங்கள் நான்.

முன்னால் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. அன்று மாலை எரிக்கப் போகிற ராவணனின் தலைகளை அதில் கட்டி நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா பிரேக்கை அமுக்கினார். “என்னது, எறங்க மாட்டேங்கு” என்று அவர் சொன்னது கேட்டது. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு அந்த ஆட்கள் மேல் போகாமல் இருக்க ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி நடைபாதையில் ஏறி ஒரு நாவல் மரத்தில் மோதியது. மாமா உட்கார்ந்திருந்த பக்கம்.

எனக்கு உள்ளங்கை மட்டும்தான் சிராய்த்தது. அப்பா கதவைத் திறந்துகொண்டு மறுபக்கம் ஓடினார். மாமா கத்தவில்லை. ‘அத்தான், காலு, அத்தான், காலு’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் முன் சீட்டுக்கு மேல் ஏறிக் கீழே பார்த்தேன். பெடலுக்கு அடியில் பழம் செருகிக்கொண்டு நின்றது. தோல் ஒரு பக்கம் கிழிந்து குங்குமமும் சாறும் வழிந்திருந்தது. கல் மாதிரி இருக்கும் பச்சை எலுமிச்சை, முழுதாக நசுங்கக்கூட இல்லை. அதைப் பிடுங்கிப் பாவாடையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். விழுந்த சாறை என் பாவாடை நுனியால் துடைத்தேன். பதினொரு வயதில் எனக்கு அந்த அளவுக்கு விவரம் இருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சிராய்த்த கையில் சாறு எரிந்தது. கையை முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. அம்மா வந்து கட்டிக்கொண்டு அழுதபோது அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று கையை மூடிக்கொண்டேன். கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போய்ப் பழத்தை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். வாசனை அடுத்த நாள் வரை போகவில்லை.

மாமாவின் முழங்கால் சிதறிவிட்டது. கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் கழித்துப் பரிசோதனைக்கு வரச்சொன்ன கடிதம் எங்கள் வீட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. அம்மா அதை எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அந்தக் குளிர்காலம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, அனுப்பியிருக்க மாட்டார்கள். முன்னறையில் மாமா கட்டோடு படுத்திருந்தார். வாசலில் லாரியில் இழுத்து வந்து போட்ட கார். வலப்பக்கம் மட்டும்தான் நொறுங்கியிருந்தது. இடப்பக்கத்தில் இருந்து பார்த்தால் புதுசு.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரேக்கைக் கழற்றினார். செய்தித்தாள் விரித்து ஒவ்வொரு பாகமாக அடுக்குவார். அந்த வாஷரை ஸ்பிரிட்டில் கழுவி, வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். ஊதியிருக்கிறதா, மடிந்திருக்கிறதா, பிளேடு பட்ட இடத்தில் பிசிறு இருக்கிறதா? ஒன்றும் இருக்காது. மறுபடி பூட்டுவார். உட்கார்ந்து பெடலை அமுக்குவார். கீ, டக். கீ, டக். நூறு தடவை இருக்கும். படுக்கையில் மாமா அதைக் கேட்டுக்கொண்டே கூரையைப் பார்ப்பார். குற்றம் கிடைத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார். கிடைக்காததுதான் அவரை அரித்தது.

பிரேக்குக்குள் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துத் திருக. ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்து அந்தப் பெடலில் கால் வைத்தேன்.

“அமுக்கு. பிடி. இப்ப விடு. கல்லு மாதிரி நிக்குதாட்டி?” என்று அடியில் இருந்து கேட்டார்.

“இல்லப்பா. நல்லா எறங்குது.”

“அன்னைக்குக் கல்லு மாதிரி நின்னுச்சு. எம் பலத்தை எல்லாம் போட்டேன். நான் அந்த ஆயிலை ஊத்தியிருக்கக் கூடாது.”

“அப்பா...” என்றேன். அதற்கு மேல் வருவதற்குள் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“இவ காலையும் ஒடிக்கணுமா? எறங்குட்டி கீழ!”

இறங்கிவிட்டேன்.

இதில் இன்னொன்றையும் சொல்கிறேன். அம்மா அவரைச் சொல்லாத சொல் இல்லை. கொலைகாரன் என்றுகூட ஒருநாள் சொன்னாள். பூஜைக்கு முந்தின சாயங்காலம் ‘ஒரு தடவ பாத்துருதேன்’ என்று அவர் வந்து நின்றதையும், அவள் தடுத்ததையும் அவர் ஒரு நாளும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் அதை மறக்கவில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது. அவ்வளவு கத்தியதே அதனால்தான். இருவரும் செய்யாத குற்றத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஒருநாள் கரோல் பாக்கில் இருந்து அப்பா கார் பழுது பார்க்கிற ஒரு மிஸ்திரியைக் கூட்டி வந்தார். வயதான சர்தார்ஜி. பெடலை நாலு தடவை மிதித்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து தாடியைத் துடைத்துக்கொண்டு, “சாப், பிரேக் ஏக்தம் டீக் ஹை” என்றார், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று. பிறகு குனிந்து பெடலுக்குக் கீழே விரலைக் காட்டி, “நீச்சே குச் ஆயா தா க்யா? ஜூத்தா? போத்தல்?” என்று கேட்டார். செருப்போ பாட்டிலோ ஏதாவது உருண்டு வந்து அடியில் மாட்டியதா என்று.

“நஹி பையா” என்றார் அப்பா. “மைனே குத் தேக்கா. குச் நஹி தா.” நானே பார்த்தேன், ஒன்றும் இல்லை.

நான் மிஸ்திரிக்கு டீ கொண்டுவந்து நின்றேன். அவர் டீயை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். குளிரில் எனக்கு வியர்த்தது. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்பா என்னை அடித்திருப்பார், அம்மாவும் அடித்திருப்பாள், இரண்டு நாளில் ஆறியிருக்கும். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஹோலிக்கு முன்னால் மாமா ஊருக்குக் கிளம்பினார். ரயில் நிலையத்தில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டு, “அத்தான், நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க. எனக்கு அம்புட்டுத்தான் கொடுத்துவச்சது” என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வாஷரு மாப்ளே. நான் சீவினதுல தப்பு” என்றார். மாமா ஊரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து அதிலேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அவருக்கும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவள் அவருக்கு முன்பே போனாள்.

அப்பா அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. ரிட்டையர் ஆகிறவரை பஸ்ஸில்தான் ஆபீஸ் போனார். சைக்கிளையும் கொடுத்துவிட்டார். காரை மட்டும் விடவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அதை டெல்லிப் புறநகரான துவாரகாவுக்கு இழுத்து வந்து எங்கள் அடுக்ககத்தின் பின்னால் தார்ப்பாய் போட்டு நிறுத்தினார். வயது எண்பது ஆகிறவரை மாதத்துக்கு ஒருமுறை அந்த வாஷரைக் கழற்றிப் பார்த்தார். ஓடாத காருக்குப் பிரேக் பார்க்கிற கிழவர் என்று அங்கேயும் பெயர். இளசுகள் வீடியோ எடுத்தார்கள். நம் கிட்வாய் நகரை இடித்துக் கோபுரம் கோபுரமாகக் கட்டிவிட்டார்கள். அந்த வேப்பமரமும் இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இந்த வருஷம் பழைய வண்டிகளை வைத்திருக்கக் கூடாது என்று அடுக்ககச் சங்கம் கெடுபிடி செய்தது. இரண்டு மாதம் முன்பு பழைய இரும்புக்காரர்கள் கொக்கி போட்ட லாரியோடு வந்தார்கள். அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, படுக்கைதான். ஜன்னல் வழியாகச் சங்கிலிச் சத்தம் கேட்டது.

“இழுக்கதுக்கு முன்ன பிரேக்கைப் பாத்துக்கிடச் சொல்லு. அது சரியில்ல” என்றார்.

அப்போது என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. எலுமிச்சம்பழம் பெடலுக்கு அடியில போயிருச்சு. நான்தான் கையில வச்சுக்கிடாம கீழ வச்சேன்.”

மூளை அவருக்கு இன்னும் ஓரளவு தெளிவுதான். யோசித்தார்.

“இல்லட்டி. மாப்ளைய வெளிய தூக்கிப் போட்டதும் நான் வந்து குனிஞ்சு பாத்தேன். கீழ ஒண்ணும் கெடக்கல.”

“நான் எடுத்து ஒளிச்சுட்டேன்ப்பா. அம்மாவுக்குப் பயந்து.”

என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை இனிமேல் நான் எப்படி மறப்பேன்?

“இம்புட்டு வயசுக்குப் பொறவு எனக்காவப் பொய் சொல்லாத. அது வாஷருதான். எனக்குத் தெரியாதா?” என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற அட்டெண்டர் பையனிடம், “மேரி பேட்டி பஹுத் அச்சி ஹை” என்றார். என் மகள் ரொம்ப நல்லவள். வெளியே லாரி கிளம்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அழுதும் சொன்னேன், சத்தியம் செய்தும் சொன்னேன். நான் அழ அழ, மகள் தனக்காக எவ்வளவு பாடுபடுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. இந்த நேரத்தில்தான் நீங்கள் அந்தப் படத்தைப் போட்டீர்கள். ஓடிப் போய்ப் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“பாருங்கப்பா. என் ரெண்டு கையும் பாருங்க. எலுமிச்சம்பழம் எங்க இருக்கு? கையில இல்லல்லா?”

போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நம்ம வண்டி” என்றார். பிறகு புருவத்தைச் சுருக்கி நகத்தால் திரையைச் சுரண்டினார். என் கையைக் கண்டுகொண்டார் என்று நினைத்தேன்.

“முன் வீல்ல காத்து கொறவா இருக்கே” என்றார். “கெளம்பதுக்கு முன்ன நான் அதைக்கூடப் பாக்கலியே.”

இப்போது காலையில் கண் விழித்ததும் டயரைப் பற்றித்தான் பேசுகிறார். வாஷரும் போகவில்லை. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. சேர்த்து வைத்தது நான்.

கூட்டாளிகளே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். யாராவது ஒருத்தர் வாருங்கள். அன்றைக்கு வாசலில் நின்றவர்களில் யாராக இருந்தாலும் சரி. நான் பழத்தை அந்தக் குழியில் வைத்ததைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் என் கைகளைத்தான் பார்த்தீர்கள். இருந்தாலும் பார்த்தேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் பொய் என்கிறார், வெளி ஆள் சொன்னால் நம்பக்கூடும். டாக்டர் அதிக நாள் கொடுக்கவில்லை, ஜல்தி வாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவர் விழித்திருப்பார்.